ர வராத ஊரில்

மூட்டைக்கு ஐம்பது கிலோ, உளுந்து.
லாரியில் ஏற ஏற எழுதிக்கொண்டு வந்தேன்.
நூற்றுப் பதினாலுக்குப் பிறகு
நூற்றுப் பதினாலு.
மறுபடி நூற்றுப் பதினாலு.
லாரிக்காரன் சிரித்தான்.
பேனாவைக் கீழே வைத்தேன்,
மூடியைத் தேடவில்லை.

அப்போதே ஏழு வாரம் ஆகியிருந்தது.

வீட்டில் நான் சௌந்தரம்,
அடையாள அட்டையில் மா தின்சா.
இரண்டு பெயருக்கும் திரும்பிப் பார்த்தேன்,
பார்த்தது யாரென்று தெரியாமல்.

சின்ன அத்தை மிளகாய் சுற்றிப் போட்டாள்.
நெடி ஏறித் தெருவே தும்மியது.
ஆக, கண்ணேறு இல்லை.
தீமிதிக்கு நேர்ந்துகொள் என்றாள்.
"வேலைக்குப் போற, சாப்பிடுற,
அப்புறம் என்ன?" என்றான் அண்ணன்.
சாப்பிடுவதில்லை.
தட்டுக் கழுவுகிறவள் நான் என்பதால்
அது யாருக்கும் தெரியாது.

விடியற்காலை மூன்றுக்கு விழிப்பு வரும்.
கரண்ட் இருக்காது.
கொசுவலைக்குள் கிடப்பேன்.
துக்கமென்றால் எதையாவது பற்றி இருக்கவேண்டும் இல்லையா?
இது எதைப் பற்றியும் இல்லை.
ஈரக்கோணி ஒன்றை யாரோ மேலே போட்டுவிட்டு
எடுக்க மறந்துபோனார்கள்.

கிட்டங்கியில் மூட்டை தைக்கிற நீலாருக்கு
படிக்கத் தெரியாது, எண்ணத் தெரியும்.
என் கணக்கைப் பார்த்தாள்.
கோணியூசியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு
பர்மியில் நேராகக் கேட்டாள்:
செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?

பர்மியில் கேட்டதால் பதில் வந்தது.
தமிழில் அந்தச் சொல் காதில் விழுந்தால்
என் வீட்டுச் சுவரே
ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும்.

"சிலபோது" என்றேன்.

அவள் திடுக்கிடவில்லை.
ஊசியை மூட்டையில் குத்தி நிறுத்தினாள்.
நாளைக்கு லீவு போடு, நானும் போடுகிறேன்.
அவளுக்கு ஒருநாள் கூலி போகும்.
அதைச் சொல்லவில்லை.

டாக்டர் நிறையக் கேட்டார்.
காகிதத்தில் எழுதினார், வாய்விட்டும் சொன்னார்:
செய்ச்ச யோகா.

யோகமா, எனக்கா?
ஏழு வாரத்தில் முதல்முறையாக
உதடு ஒருபக்கம் இழுத்தது.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது.
இந்த ஊர் வாயில் ர வராது.
ரங்கூனையே யங்கோன் ஆக்கிய வாய்.
ரோகத்தைத்தான் யோகா என்கிறது.
முன்னால் நிற்கிற செய் நம்முடைய சித்தம்,
பாலியில் ஏறி வந்து வாலை இழந்தது.
நடுவில் இருக்கிற ச்ச மட்டும் அவர்களுடையது.
விழுதல்.
இலை விழுந்தாலும் அதுதான்.
உளுந்து விலை விழுந்தாலும் அதுதான்,
வாரம் ஒருமுறை என் பேரேட்டில் வருகிற சொல்.

விழுந்த சித்தம்.
பேய் இல்லை, திமிர் இல்லை.
விலை விழுந்ததென்று
யாரும் கிட்டங்கியைக் கொளுத்துவதில்லையே.

சின்ன வெள்ளை மாத்திரை.
பிடிக்க மூன்று நாலு வாரம் ஆகுமென்றார்.
முதல் வாரம் வாய் வறண்டதுதான் மிச்சம்.
நீலார் காலையில் பஸ் நிறுத்தத்தில் நிற்பாள்.
தேற்றமாட்டாள்.
மொஹிங்கா வாங்கிப் பாதியை என் பக்கம் தள்ளுவாள்.
முழுசாகத் தந்திருந்தால் தொட்டிருக்கமாட்டேன்.

சனிக்கிழமைகளில் டீக்கடை மாடியில்
ஏழெட்டுப் பேர் உட்காருகிறோம்,
கரேன் நர்ஸ் ஒருத்தி நடத்துகிறாள்.
முதல் சனி நான் வாய் திறக்கவில்லை.
அடுத்த சனி
"நூற்றுப் பதினாலு" என்றேன்.
பஸ் டிரைவர் ஒருவர் தலையாட்டினார்.
எனக்குச் சிவப்பு விளக்கு, என்றார்,
பச்சையானதே தெரியாமல் நின்றுகொண்டிருப்பேன்,
பின்னால் ஊரே ஹாரன் அடிக்கும்.

அண்ணனிடம் தமிழில் சொன்னேன்,
ர முழுசாக உருள:
எனக்கு ரோகம்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
ராத்திரி தட்டுகளை அவன் கழுவினான்,
என் தட்டில் இருந்ததைப் பார்த்தபடி நின்றான்.
மறுநாள் சோறு கொஞ்சமாகப் போட்டான்,
கொஞ்ச நேரம் கழித்து இன்னும் கொஞ்சம்.

மூன்று மணி இப்போதும் வருகிறது,
தினமும் இல்லை.
வந்தால் நீலாருக்கு ஒரே ஒரு ரிங்.
அவள் எடுக்கமாட்டாள்.
திருப்பி ஒரு ரிங் கொடுப்பாள்.
காசு செலவாகாது.